கொடுப்பதற்காகப் பின்னும் போர்வை: எங்கே கோணியது, எப்படிச் சரிசெய்வது

நமக்காகப் பின்னிய போர்வையை நாமே துவைப்போம். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், காரமில்லாத சோப்பு, பிழியாமல் நிழலில் விரித்துக் காயவைப்பது என்று அதற்கு ராஜ உபசாரம் நடக்கும். முதியோர் இல்லத்துக்கோ குழந்தைகள் வார்டுக்கோ நிவாரண முகாமுக்கோ போகும் போர்வைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. படுக்கை விரிப்புகளோடு சேர்ந்து சுடுதண்ணீரில் சுழலும், டிரையரில் உருளும், மறுநாள் இன்னொருவர் மடியில் கிடக்கும்.

அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: துவைத்தால் இது மோசமாகுமா? ஆகும் என்றால், முக்கால் போர்வை முடிந்திருந்தாலும் பிரித்தே ஆக வேண்டும். ஆகாது என்றால், கண்ணை உறுத்தினாலும் விட்டுவிடலாம். நேர்மாறாகச் செய்வதில்தான் பலருக்கும் நேரம் வீணாகிறது. வண்ண வரிசை ஒன்று மாறிவிட்டது என்று இருபது வரிசை பிரிப்பார்கள், நூல் நுனியை மட்டும் அரை அங்குலத்தில் வெட்டிவிடுவார்கள்.

ஒரு சொல் விளக்கம். ஸ்டிச்சைக் கண்ணி என்றே எழுதுகிறேன். குரோஷா என்றால் ஒரே கொக்கி ஊசியில் பின்னுவது, நிட்டிங் என்றால் இரண்டு ஊசியில். குரோஷாவில் செயின் என்பது வெறும் சங்கிலிக் கண்ணி, சிங்கிள் குட்டையான கண்ணி, டபுள் அதைவிட உயரமானது. குரோஷாவில் சிங்கிள், டபுள் என்று வருமிடமெல்லாம் அமெரிக்கக் கணக்கு. ஏன் இதைச் சொல்கிறேன் என்பது சதுரங்கள் பகுதியில் புரியும்.

போர்வை போகப் போகக் குறுகுகிறது, அல்லது அகலமாகிறது

120 கண்ணியில் ஆரம்பித்தீர்கள், இப்போது எண்ணினால் 113. நடுவில் எதுவும் விட்டுப்போன மாதிரி தெரியவில்லை. குரோஷாவாக இருந்தால் பத்துக்கு ஒன்பது முறை குற்றவாளி ஓரத்தில்தான் இருப்பார்.

டபுள் வரிசையில் திரும்பும்போது போடும் மூன்று செயின் முதல் கண்ணியாகக் கணக்கில் சேர்கிறது. ஆகவே அதன் அடியில் இருக்கும் கண்ணியை விட்டுவிட்டு அடுத்ததில் குத்த வேண்டும். வரிசை முடிவில், முந்தைய வரிசையின் அந்த மூன்று செயின் உச்சியிலும் ஒரு கண்ணி போட வேண்டும். உச்சியில் போட மறந்தால் வரிசைக்கு ஒன்று குறையும். ஆரம்பத்தில் அடிக்கண்ணியிலும் குத்திவிட்டால் வரிசைக்கு ஒன்று கூடும். இரண்டு தவறையும் சேர்த்துச் செய்தால் எண்ணிக்கை சரியாக வரும், ஆனால் போர்வை சாய்ந்துகொண்டே போகும். எண்ணிப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை ஏமாற்றுவது இந்த மூன்றாவது வகைதான்.

இதற்கு முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஒவ்வொரு வரிசையும் ஒரு அடையாள வளையம் மாட்டுங்கள். ஊக்கு இருந்தாலும் போதும். பத்து வரிசை போனால் கைக்குப் பழகிவிடும், அப்புறம் நான்கு வரிசைக்கு ஒருமுறை எண்ணினால் போதும்.

நிட்டிங்கில் கண்ணி கூடுவதற்கு வேறு காரணம். வரிசை ஆரம்பத்தில் நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோனால், முதல் கண்ணியின் அடி மேலே ஏறி, இரண்டு கால்களும் இரண்டு கண்ணிகள் மாதிரி தெரியும். புதிதாகக் கற்பவர்கள் இரண்டையும் தனித்தனியாகப் பின்னிவிடுவார்கள். நூல் எப்போதும் ஊசிக்கு அடியிலிருந்து பின்பக்கம் போகட்டும்.

பிரிக்க வேண்டுமா? போர்வையை மேலிருந்து கீழாகப் பாதியாக மடியுங்கள். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் இரண்டு மூன்று செ.மீ. வித்தியாசத்துக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். குறைந்த கண்ணிகளை அடுத்த வரிசையில் ஆங்காங்கே கூட்டிக்கொள்ளலாம், மிச்சத்தைப் பார்டர் விழுங்கிவிடும். ஒரு சாண் அளவுக்குப் போய்விட்டது என்றால் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

கண்ணி எண்ணிக்கை சரியாக இருக்கிறது, அடிப்பக்கம் மட்டும் பானை மாதிரி ஒடுங்கியிருக்கிறது என்றால் அது வேறு நோய். ஆரம்பச் செயின் இறுக்கம். செயினுக்கு மட்டும் அரை முதல் ஒரு மி.மீ. பெரிய ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை தடவை துவைத்தாலும் இது தளராது. இழுக்க இழுக்க அந்த விளிம்புதான் முதலில் அறும். பத்து வரிசைக்குள் கண்டுபிடித்தால் பிரித்துவிடுங்கள்.

விளிம்பு அலை அலையாக நிற்கிறது, அல்லது கிண்ணம் போலக் குவிகிறது

அலை என்றால் பார்டரில் கண்ணி அதிகம். குவிந்தால் குறைவு. மேலும் கீழும் பிரச்சினை இருக்காது, அங்கே கண்ணிக்குக் கண்ணி வந்துவிடும். சிக்கல் பக்கவாட்டில்தான், அங்கே வரிசைகளின் நுனியில் குத்த வேண்டியிருக்கிறது. நான் வைத்திருக்கும் கணக்கு இது: சிங்கிள் வரிசை நுனிக்கு ஒரு சிங்கிள், டபுள் வரிசை நுனிக்கு இரண்டு. நிட்டிங்கில் கார்டர் பின்னல் (எல்லா வரிசையும் ஒரே மாதிரி பின்னி, இரண்டு பக்கமும் மேடாக வருவது) என்றால் மேடு ஒன்றுக்கு ஒன்று, அதாவது இரண்டு வரிசைக்கு ஒன்று. ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாக வரும் ஸ்டாக்கினெட் என்றால் நான்கு வரிசைக்கு மூன்று. மூலையில் ஒரே இடத்தில் மூன்று சிங்கிள்.

முதல் சுற்று முடிந்ததும் தரையில் விரித்துப் பாருங்கள். அலை அடித்தால் அப்போதே பிரியுங்கள். அடுத்த சுற்றில் சரியாகிவிடும் என்பது எல்லோரும் ஒருமுறையாவது நம்பி ஏமாந்த விஷயம். கூடிய கண்ணியின் மேல் இன்னும் கூடும், அவ்வளவுதான்.

ஓரம் சுருண்டுகொள்கிறது

நிட்டிங்கில் ஒரு பக்கம் வழவழப்பும் மறுபக்கம் மேடுமாக வரும் ஸ்டாக்கினெட் சுருளத்தான் செய்யும். பக்கங்கள் பின்னோக்கியும், மேலும் கீழும் முன்னோக்கியும் சுருளும். இது உங்கள் கையின் தவறு அல்ல, அந்தப் பின்னலின் குணம். இஸ்திரி போட்டு நிமிர்த்தினாலும் ஒரு துவைப்பில் பழையபடி ஆகிவிடும். சுற்றிலும் மூன்று நான்கு செ.மீ. கார்டர் பட்டை விட்டுப் பின்னியிருக்க வேண்டும். பின்னி முடித்தபின் குரோஷா பார்டர் போட்டால் ஓரளவு அடங்கும், முழுதாக அடங்காது. கொடுக்கும் போர்வைக்கு நான் நிட்டிங்கில் கார்டரைத் தவிர வேறு பின்னலே எடுப்பதில்லை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், தடிமனாக இருக்கும், தவறு நடந்தால் மேடுகளுக்குள் ஒளிந்துகொள்ளும்.

சதுரங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை

பல பேர் ஆளுக்குக் கொஞ்சம் பின்னி ஒரே போர்வையாக இணைப்பது நல்ல ஏற்பாடு. முழுப் போர்வைக்குப் பொறுமை இல்லாதவரும் ஒரு சதுரம் முடித்துவிடுவார். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஈவி ரோசன் 1991இல் தொடங்கிய வார்ம் அப் அமெரிக்கா இப்படித்தான் நடக்கிறது. அங்கே துண்டுகள் சதுரம்கூட இல்லை, 7 அங்குலத்துக்கு 9 அங்குலம். அப்படி 49 துண்டு சேர்ந்தால் ஒரு போர்வை. தென்னாப்பிரிக்கக் குழந்தைகளுக்காக நிட் எ ஸ்கொயர் கேட்பது 20 செ.மீ. சதுரம், 35 சேர்ந்தால் ஒன்று. இரண்டு அளவையும் எங்கோ பார்த்துவிட்டு ஞாபகத்தில் கலந்து பின்னுகிறவர்கள் நிறைய.

20 செ.மீ. என்பதை 8 அங்குலம் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. 8 அங்குலம் 20.3 செ.மீ. ஒரு சதுரத்தில் தெரியாது. ஏழு சதுரம் நீளத்துக்கு வைத்தால் இரண்டு செ.மீ.க்கு மேல் தள்ளிக்கொண்டு நிற்கும்.

அதைவிடப் பெரிய குழப்பம் பெயரில் இருக்கிறது. அமெரிக்காவில் சிங்கிள் என்பதற்குப் பிரிட்டனில் டபுள் என்று பெயர். அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். ஒரே குறிப்பை இருவர் படித்து, ஒருவருடைய சதுரம் கிட்டத்தட்டப் பாதி உயரத்தில் வந்து நிற்கும், அவரும் சத்தியம் செய்வார், எழுதியபடிதான் பின்னினேன் என்று. அவர் சொல்வதும் உண்மைதான். சிங்கிள் என்ற சொல்லே குறிப்பில் வந்தால் அது அமெரிக்கக் கணக்கு, பிரிட்டன் முறையில் அப்படி ஒன்று கிடையாது.

சரி, சதுரங்கள் வந்துவிட்டன, அளவு பலவிதம். என்ன செய்வது? தடித்த அட்டையில் சரியான அளவுக்கு ஒரு சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துச் சரியானது, சின்னது, பெரியது என்று மூன்று அடுக்காகப் பிரியுங்கள். சின்னதற்குச் சுற்றிலும் ஒரு சிங்கிள் சுற்று போட்டால், நடுத்தர நூலில் சுமார் ஒரு செ.மீ. கூடும். பெரியதற்குக் கடைசிச் சுற்றைப் பிரித்து, ஒரு எண் சின்ன ஊசியில் மறுபடி போடுங்கள். கடைசியில் எல்லாச் சதுரத்துக்கும் ஒரே நிறத்தில் ஒரு சுற்று போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே எண்ணிக்கைக் கண்ணி இருக்கும்படி பார்த்துக்கொண்டால், ஒரு செ.மீ. வித்தியாசம் இணைப்பில் அமுங்கிவிடும். அதற்கு மேல் போனால் அமுங்காது, நடுவில் கொப்புளம் மாதிரி எழும்பும்.

நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகக் குரோஷாவில் வளரும் கிரானி ஸ்கொயர் சதுரமாக இல்லாமல் காற்றாடி போல முறுக்கிக்கொண்டிருந்தால், ஒரே திசையில் சுற்றிச் சுற்றிப் போட்டதுதான் காரணம். ஒவ்வொரு சுற்று முடிவிலும் திருப்பிப் போட்டால் நேராகும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கோளாறு. தெரியாத கோளாறு நூலில் இருக்கிறது. முப்பது அக்ரிலிக் சதுரத்துக்கு நடுவே சூப்பர்வாஷ் (மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்துவது) செய்யாத சுத்தக் கம்பளியில் ஒன்று இருந்தால் போதும். கம்பளி இழையின் மேல் செதில் செதிலாக இருக்கும். சுடுதண்ணீரும் உரசலும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு சதுரம் பாதியாகிவிடும், பிடித்து இழுத்தாலும் மீளாது. சுற்றியிருக்கும் எட்டுச் சதுரங்களையும் அது தன் பக்கம் இழுத்துச் சுருக்கும். லேபிள் இல்லாத நூலைச் சந்தேகப்பட வேண்டியது இதனால்தான்.

எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு அங்குலம் நூலை இடுக்கியில் பிடித்து, கீழே உலோகத் தட்டு, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, நுனியைச் சுடரில் காட்டுங்கள். உருகி, ஆறியபின் கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக் அல்லது வேறு செயற்கை நூல். முடி கருகும் வாடை வந்து, சுடரை எடுத்ததும் தானே அணைந்து, விரலால் நசுக்கினால் பொடியானால் கம்பளி. காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிய மணியை உடனே தொட்டுவிடாதீர்கள், தோலில் ஒட்டிக்கொள்ளும்.

இணைப்பு வரப்பு போல எழும்பி நிற்கிறது

மடியில் போடும் போர்வைக்கு அது அழகு. எழுந்து நடமாட முடியாமல் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அது உறுத்தல். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தும். அவர்களுக்குப் போவது என்றால் சதுரங்களை அருகருகே வைத்து, தையல் ஊசியால் கண்ணியின் வெளிப்பக்க இழையை மட்டும் எடுத்து மேலாகத் தைத்துவிடுங்கள், மட்டமாகப் படியும். குரோஷாவில் ஸ்லிப் ஸ்டிச் (உயரமே இல்லாத இணைப்புக் கண்ணி) போட்டு இணைத்து, இணைப்பு இழுத்துப் பிடித்தால் ஊசியை ஒரு எண் பெரிதாக்குங்கள்.

நடுவில் ஓட்டை விழுகிறது, நூல் நுனி எட்டிப் பார்க்கிறது

நான் முதன்முதலில் கொடுத்த போர்வையில் நடந்தது இது. முப்பதுக்கு மேல் கிரானி ஸ்கொயர், எல்லாம் மேஜிக் ரிங், அதாவது நுனியை இழுத்தால் இறுகும் நூல் வளையம், போட்டு ஆரம்பித்தவை. சில மாதம் கழித்து அதே இடத்துக்குப் போனபோது, ஒரு பாட்டி அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழெட்டுச் சதுரத்தின் நடுவில் கட்டைவிரல் போகும் அளவுக்கு ஓட்டை. ஒன்றில் இதழ்கள் தனித்தனியாகத் தொங்கின. பாட்டி அதில் விரலை விட்டுக்கொண்டே என்னோடு பேசிக்கொண்டிருந்தார். நான் அவர் சொன்னது எதையும் காதில் வாங்கவில்லை.

மேஜிக் ரிங் இறுகி நிற்பது அந்த ஒரே நுனியை நம்பித்தான். அதை வளையத்தைச் சுற்றி ஒரு முழுச் சுற்று ஊசியால் கோத்துக் கொண்டுவந்து, ஒரு கண்ணியை மட்டும் தாண்டி, எதிர்த்திசையில் இன்னொரு சுற்று கோக்க வேண்டும். அந்த ஒரு கண்ணியைத் தாண்டாமல் வந்த வழியே திரும்பினால் போட்டது அத்தனையும் உருவிக்கொண்டு வந்துவிடும். இதில் நம்பிக்கை இல்லாவிட்டால் நான்கு செயின் போட்டு வட்டமாக இணைத்து ஆரம்பியுங்கள். நடுவில் சின்னத் துளை தெரியும், ஆனால் அது பெரிதாகாது.

மற்ற நுனிகளுக்கும் இதே கதைதான். அக்ரிலிக் வழுக்கும் நூல். வெட்டும்போது 15 செ.மீ. விடுங்கள். நான்கைந்து செ.மீ. ஒரு பக்கம், திரும்பி எதிர்ப்பக்கம், அப்புறம் மேலே அல்லது கீழே என்று மூன்று திசையிலாவது ஓட்டுங்கள். கோக்கும்போது நூலின் இழைகளைக் குத்திப் பிளந்துகொண்டு போனால் இன்னும் பிடிக்கும். முடிச்சை மட்டும் நம்பாதீர்கள். நூல் உருண்டைக்குள்ளேயே ஆலையில் போட்ட முடிச்சு வந்தால், வெட்டி எடுத்துவிட்டுப் புது நூல் சேர்ப்பது போலச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடித்தபின் சோதனை: சதுரத்தை முழங்காலில் போட்டு நான்கு பக்கமும் நன்றாக இழுங்கள், உங்களுக்கே பயம் வரும் அளவுக்கு. நுனி வெளியே வந்தால் இப்போதே வரட்டும்.

ஏணி போலக் கண்ணி இறங்கியிருக்கிறது

நிட்டிங்கில் மட்டும் வரும் தலைவலி. துவைத்தால் நிச்சயம் கீழே வரை ஓடும், எனவே விடவே கூடாது. இறங்கிய கண்ணியில் உடனே ஒரு ஊக்கு மாட்டுங்கள். குரோஷா ஊசியை அதில் விட்டு, மேலேயிருக்கும் படியை இழுத்துக் கண்ணிக்குள் கொண்டுவாருங்கள், அடுத்த படி, அதற்கடுத்தது. ஸ்டாக்கினெட்டில் எல்லாம் முன்பக்கத்திலிருந்து. கார்டரில் ஒரு படி முன்னாலிருந்து, அடுத்தது பின்னாலிருந்து. போர்வை முடிந்த பிறகு கண்டுபிடித்தால், அந்தக் கண்ணியை அதே நூலால் பின்பக்கம் தைத்துப் பூட்டுங்கள். தழும்பு தெரியும், தெரியட்டும்.

நூல் பாதியில் தீர்ந்துவிடும் போலிருக்கிறது

சமையலறைத் தராசு போதும். ஒரு வரிசைக்கு முன்னும் பின்னும் உருண்டையை நிறுத்துப் பாருங்கள். வரிசைக்கு 6 கிராம், கையில் 40 கிராம் என்றால் ஆறு வரிசை, அதோடு சரி. பார்டருக்கு வேண்டியதை முதலிலேயே எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள்.

மிச்ச நூலில் பின்னுகிறவர்களுக்கு மூலையிலிருந்து ஆரம்பிக்கும் சதுரம் வரப்பிரசாதம். கண்ணியைக் கூட்டிக்கொண்டே போய், 50 கிராம் உருண்டையில் 27 கிராம் மிச்சம் இருக்கும்போது குறைக்க ஆரம்பித்தால் நூல் தீராமல் சதுரம் முடியும். எடையை இன்னொன்றுக்கும் பயன்படுத்தலாம். ஒரு சதுரம் 25 கிராம் என்றால் 35 சதுரத்துக்கு 875 கிராம், இணைப்பும் பார்டரும் தனி. தடித்த பருத்தியில் இதைவிட அதிகமாகும், நனைந்தால் இன்னும் கனக்கும். பலவீனமான ஒருவர் தானே இழுத்துப் போர்த்திக்கொள்ள முடியுமா என்று பின்னுவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

துவைத்ததும் சாயம் ஏறிவிட்டது, அல்லது துணி தொளதொளவென்று ஆகிவிட்டது

சிவப்பும் கருநீலமும் வெள்ளைப் பக்கத்தில் வருகிறது என்றால் இணைப்பதற்கு முன்பே சோதியுங்கள். நூலை நனைத்து, வெள்ளைத் துணிக்குள் மடித்து அரை மணி நேரம் கனம் வைத்து விடுங்கள். துணியில் நிறம் ஏறினால் நூலைத் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள், இல்லையென்றால் அந்த நிறத்தை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். வினிகர் ஊற்றினால் சாயம் நிற்கும் என்பார்கள். பருத்தியில் அது எடுபடாது.

தொளதொளவென்று ஆவது அக்ரிலிக்கில் சூடு பட்டதால். இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் நூலின் துள்ளல் ஒரேயடியாகப் போய்விடும், பளபளவென்று பட்டையாகும், திரும்ப வராது. நிமிர்த்தத்தான் வேண்டும் என்றால் நனைத்து, அளவுக்கு விரித்துக் காயவிடுங்கள்.

ஆசையாகக் கொண்டுபோனால் வாங்க மறுக்கிறார்கள்

வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் பெரும்பாலும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கும். கைக்குழந்தைகளுக்கு என்றால் காரணங்கள் தெளிவு. பெரிய துளையுள்ள பின்னலில் விரல் மாட்டும். பூப்பந்து, குஞ்சம், பொத்தான் எல்லாம் வாய்க்குப் போகும். பஞ்சு பஞ்சாக முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூல் உதிரும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. ஆகவே பிறந்த குழந்தைக்கு என்று பின்னும் முன், அங்கே அது எதற்குப் பயன்படும், என்ன அளவு வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். இன்குபேட்டர் மேல் மூடவா, தாயின் மடியில் வைத்துச் சுற்றவா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

அமெரிக்காவில் 1995இல் தொடங்கிய புராஜெக்ட் லைனஸ், குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் கொடுக்கிறது. பெரிய பையன்களுக்கு ஏற்ற நிறத்தில், முழு நீளத்தில் பின்ன ஆள் எங்கேயும் குறைவாகத்தான் இருப்பார்கள், குட்டிப் போர்வை சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால். விசாரிக்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மற்றபடி மறுப்புக்குக் காரணம் வாடையாக இருக்கும். பீரோவில் பாச்சை உருண்டையோடு வைத்தது, வீட்டில் யாராவது புகைப்பது, பூனை முடி. வாசனை இல்லாத சோப்பில் ஒருமுறை துவைத்தால் முக்கால்வாசி தீரும்.

அந்தத் துவைப்பை நான் எப்போதும் கடுமையாகவே செய்வேன். இரண்டு ஜீன்ஸோடு சேர்த்து, அந்த இல்லத்தில் எந்தச் சூட்டில் போடுவார்களோ அதே சூட்டில். காய்ந்ததும் சதுரங்களின் நடு, நான்கு சதுரம் சந்திக்கும் மூலை, பார்டர் முடிந்த இடம், இந்த மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அப்புறம் ஒரு சின்னத் துணி லேபிளில் அக்ரிலிக், மெஷினில் துவைக்கலாம் என்று எழுதித் தைத்துவிட்டு, இணைப்புக்குப் பயன்படுத்திய நூலில் மூன்று மீட்டர் ஒரு அட்டைத் துண்டில் சுற்றிக் கொடுக்கும்போது கையில் தந்துவிடுவேன். எத்தனை பார்த்தாலும் எங்கேயாவது ஒன்று விடும், அங்கே தைக்கத் தெரிந்த யாராவது இருப்பார்கள்.